வண்டுக்கு முன்னால நடந்த வீடு

வெள்ளரிக்கோம்பைல சாயங்கால வெயில் ஆரஞ்சுத் தோட்டத்து மேல மஞ்சளா எறங்குற நேரத்துக்கு தெனமும் ஒரு துப்பாக்கிக் குண்டு ஊருக்குள்ள வரும். வேகமால்லாம் வராது, கன்னுக்குட்டி நடக்குற நடைதான். ஆளு நெஞ்சு ஒசரத்துல, காத்துலயே, கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒண்ணு மேல வழுக்கிட்டு வர்ற மாதிரி நேரா, ம்ம்ம்னு ஒரு ரீங்காரத்தோட வரும். கோயிலுக்குப் பின்னாடி கல்லறத் தோட்டத்துல கெளம்பி, டீக்கடை வழியா, ரேஷன் கடை வழியா, கெணத்தடியச் சுத்தி, இருட்டுறதுக்குள்ள திரும்பக் கல்லறத் தோட்டத்துக்கே போயி, ஒரு சிலுவை ஓரத்துல அந்தரத்துல அப்படியே நின்னுக்கும், ஏன்னா அது வேட்டைத் துப்பாக்கில இருந்து பொறப்பட்ட குண்டு, வெளிச்சம் போனா அதுக்கும் வேட்டை கெடையாது. ஊர்ல யாரும் அத குண்டுன்னு சொல்றதில்ல. வண்டுன்னுதான்.

மொதல்ல ஊரு பயந்துச்சாம், அப்பறம் பழகிருச்சு. எதுக்குத்தான் இந்த ஊரு பழகல? தண்ணிக் கொழாய் இல்லாம இருக்கப் பழகுச்சு, டாக்டர் இல்லாம சாகப் பழகுச்சு, வண்டுக்கா பழகாது? டீக்கடை சலேத்தம்மா முன்சுவத்துல ஒரு சன்னலும் பின்சுவத்துல அதுக்கு நேரா இன்னொரு சன்னலும் வச்சு, பாய்லர ஓரமா நகட்டிப் போட்டா. ரேஷன் கடைல தராச எறக்கிக் கட்டுனாங்க. துணி காயப் போடுற கயிறு ஊர் பூரா தலைக்கு மேல ஏறிருச்சு. திருவிழாச் சப்பரத்தச் செய்யும்போதே ஆசாரி, வண்டு போறதுக்கு நடுவுல ஒரு ஓட்ட விட்டுத்தான் செஞ்சாரு, மாதா காலடில ஒரு பக்கம் நொழஞ்சு மறுபக்கம் வெளிய வரும், பூ ஒண்ணு கூட உதிராது. புதுசா வர்ற சாமியாரு மொத நாளு மட்டும் "என்ன இது?"ன்னு கேப்பாரு, ரெண்டாவது நாளு அவரும் குத்தவச்சிருவாரு. பனி மூடுன காலத்துல வண்டு போன வழில மூடுபனிக்குள்ள ஒரு சின்னக் குகை விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும், புள்ளைங்க அதுக்குள்ள கைய விட்டு, "சூடா இருக்குடி, சூடா இருக்குடி"ன்னு ஆடும். தூங்காத கொழந்தைய அந்த ரீங்காரம் கேக்குற எடத்துக்குத் தூக்கிட்டு வந்தா தூங்கிரும். இப்படி ஊருக்கே அது ஒரு தாலாட்டு மாதிரி ஆயிருச்சு.

ஒரு வீட்டுக்கு மட்டும் ஆகல.

வண்டுக்கு முன்னால ஒருத்தரு கைமணி ஆட்டிக்கிட்டு நடக்கணும்னு ஊர்க் கட்டுப்பாடு. மணி கேட்டதும் மத்தவங்கெல்லாம் இருந்த எடத்துல குத்தவச்சு, தலையக் குனிஞ்சு, கண்ண மூடிக்கணும். முன்னால நடக்குறவங்க திரும்பிப் பாக்கக் கூடாது. அவங்க மூஞ்சியையும் அவங்க வீட்டாளுங்க மூஞ்சியையும் மத்தவங்க என்னைக்குமே பாக்கக் கூடாது, பாத்தா வண்டு பாத்தவன் பக்கம் திரும்பிரும். இந்த நடைக்கு சவரிமுத்து வீட்டாளுதான் வரணும், ஏன்னா குண்டச் சுட்டதே சவரிமுத்துதான்னு ஊர் முடிவு பண்ணிருச்சு. மேல பங்களாவுல இருந்த எஸ்டேட் முதலாளிய அவரு சுட்டாராம், குண்டு வழி தவறி ஊரச் சுத்துதாம். சொன்னது யாரு? முதலாளி. முதலாளி சொன்னா குண்டுக்கே வழி தவறும். அன்னைல இருந்து சவரிமுத்து நடந்தாரு, சாகுற வரைக்கும். அப்பறம் அவரு மகன் மிக்கேல் நடந்தாரு. இப்ப மிக்கேலுக்கு இடுப்பு விழுந்து கட்டில்ல படுத்துட்டாரு.

அதனால மதுரைல ஹாஸ்டல்ல கெமிஸ்ட்ரி படிச்சிட்டிருந்த அவரு மக ஜெசிந்தாவுக்கு, செய்முறைப் பரீட்சைக்கு மொத வாரத்துல, ஊர்ல இருந்து போன் போச்சு. வந்து நட.

பஸ்ஸ விட்டு எறங்குனப்ப டீக்கடைல சலேத்தம்மா அவ செருப்பப் பாத்துக்கிட்டே பேசுனா. "வந்துட்டியா தாயி. டீ போடட்டுமா?"

"மூஞ்சியப் பாத்துக் கேட்டா குடிக்கிறேன் சித்தி."

"ஏண்டி, வந்ததும் வராததுமா வம்பு?" சலேத்தம்மா செருப்பப் பாத்தே சிரிச்சா. "வண்டு ஒங்க வீட்டுக்கே வந்திருச்சு, தெரியுமா? நடக்க ஆளில்லன்னதும் தானா கெளம்பி வந்து, ஒங்கப்பன் படுத்திருக்குற சுவத்துல மூக்க வச்சிக்கிட்டு நிக்குது. எவ்வளவு விசுவாசம் பாரேன்."

"விசுவாசமா? நாயா அது?"

"நாய் கூட இப்படி நிக்காதுடி."

ஜெசிந்தா பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்தா. எதுக்க வந்தவங்கெல்லாம் தரையப் பாத்து வழி விட்டாங்க. சின்ன வயசுல இருந்து பாத்ததுதான். ஆனா மதுரைல பஸ் கண்டக்டர்ல இருந்து மெஸ் அக்கா வரைக்கும் அவ மூஞ்சியப் பாத்துப் பேசிப் பழகிட்டதால, இப்ப அது ஒவ்வொண்ணும் செவுள்ல விட்ட மாதிரி இருந்துச்சு. ஹாஸ்டல்ல மொத வாரம் அவளுக்குத் தூக்கமே வரல. எல்லாரும் நம்மளப் பாக்குறாங்கடான்னு ராப்பூரா முழிச்சுக் கெடந்தா. அப்படி ஒரு ஊர்ல வளந்திருக்கா.

வீட்டுக்குப் பின்பக்கம் சாயங்கால வெயில்ல ஊர்ல பாதி குத்தவச்சிருந்துச்சு, எல்லாம் தலையக் குனிஞ்சு. நடுவுல சுவத்த ஒட்டி வண்டு. மூக்கு மண்சுவத்துக்குள்ள போயிருந்துச்சு, மரத்தத் துளைக்கிற வண்டுக்கு உதிர்ற மாதிரி கீழ செம்மண்ணு பொடிப் பொடியாக் குவிஞ்சிருந்துச்சு. யாரும் அதப் பாக்கல. மூணு தலமுறையா ஒருத்தரும் கிட்டப் போயி உத்துப் பாத்ததில்ல. ஜெசிந்தா கிட்டப் போயி, குனிஞ்சு, மூக்குக் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு நல்லாப் பாத்தா.

நீளமா இருந்துச்சு. சுண்டுவிரல் நீளம். மேலெல்லாம் திருகு திருகா வரி. இடுப்புல சுத்தி ஒரு வளையம், வளையத்துக்குக் கீழ நகக்கீறல் மாதிரி ஒரு தழும்பு.

"பெரியப்பா," அப்படின்னா சத்தமா.

ஊர்த் தலைவர் ஞானப்பிரகாசம் குனிஞ்ச தலையோடயே "என்னத்தா?"ன்னாரு. அவரு உச்சில ரெட்டச் சுழி.

"எங்க தாத்தா வச்சிருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழாய் வாயில மருந்தப் போட்டு, துணியப் போட்டு, இலந்தப்பழம் மாதிரி உருண்டையா ஒரு ஈயக் குண்டப் போட்டு இடிக்கிற துப்பாக்கி. இது உருண்டையா இல்ல. நீளமா இருக்கு, மேல வரி ஓடுது. வரி விழுந்த குழாய்ல சுட்டாத்தான் இப்படி வரும். இது ரைபிள் குண்டு. ஒருத்தராவது ஒரு நாளாவது கண்ணத் தொறந்து பாத்தீங்களா?"

கூட்டம் குனிஞ்ச மேனிக்கே முணுமுணுத்துச்சு. ஞானப்பிரகாசம் தொண்டையச் செருமினாரு. "ஒங்க தாத்தன்தான் முதலாளிக்குத் தோட்டா அடைச்சுக் குடுத்தவன். காலித் தோட்டாக் கூட்டக் கழுவி, அடில தட்டுனா வெடிக்கிற கேப்பு மாத்தி, மருந்து அளந்து, ஈயம் ஊத்தி, எல்லாம் அவன் கைதான. முதலாளியோட ரைபிள எடுத்தே சுட்டிருப்பான்."

"இத்தன வருசமா நாட்டுத் துப்பாக்கின்னுதான சொன்னீங்க?"

"துப்பாக்கி எதுவா இருந்தா என்ன, சுட்ட கை அவன் கைதான? நாளைக்குச் சாயந்தரம் மணிய எடுத்துக்கிட்டு முன்னால நட. நீ நடந்தா அது சுவத்த விடும். ஒங்கப்பனுக்கும் நல்லது."

"என் பரீட்சை?"

"பரீட்சை வரும் போகும். வண்டு தெனமும் வரும்."

அவ பையத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயிட்டா.

மிக்கேல் அந்தச் சுவத்துக்கு முதுகக் காட்டி ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. பின்னாடி சுவத்துல காரை லேசா புடைச்சிருந்துச்சு. "யாரு, ஜெசியா? நடையே சொல்லுது, கோவமா வர்ற."

"அப்பா, இந்தப் பக்கம் திரும்பு." சுவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல தரைல உக்காந்தா. அவரு வலில முனங்கிக்கிட்டே மக பக்கம் பொரண்டு, சுவத்தப் பாத்து, அவ மூஞ்சியப் பாத்து சிரிச்சாரு. பெத்தவங்களத் தவிர ஊர்ல அவரு முழுசாப் பாத்த மூஞ்சி அவ ஒருத்தியோடதும், செத்துப் போன அவ அம்மாவோடதும்தான். மத்த எல்லாரையும் அவருக்கு உச்சந்தலையாத்தான் தெரியும். மணி ஆட்டிக்கிட்டு நடக்குறப்ப ரெண்டு பக்கமும் குனிஞ்ச தலைங்க, வகிடு, வழுக்கை, நரை, சுழி. கோண வகிடு சலேத்து, காதோரம் வெட்டுத் தழும்பு ரேஷன் கடைக்காரன்னு அவரு கணக்கே வேற.

அப்பதான் ரீங்காரம் நின்னுச்சு. வெளிய கூட்டத்துல "அடங்கிருச்சு! மக வந்ததும் அடங்கிருச்சு பாரு!"ன்னு ஒரே பூரிப்பு. ஜெசிந்தா சுவத்தப் பாத்தா. மண்ணு உதிரல. "இடுப்பு தாங்கல தாயி"ன்னு மிக்கேல் பழையபடி அந்தப் பக்கம் பொரண்டாரு. ம்ம்ம்னு சத்தம் எந்திரிச்சுச்சு, காரைத் துளி ஒண்ணு அவ மடில விழுந்துச்சு.

"அப்பா, திரும்பு."

"எதுக்கு?"

"திரும்புப்பா."

திரும்பினாரு. நின்னுச்சு. "அந்தப் பக்கம்." அரைக்க ஆரம்பிச்சுச்சு. "இந்தப் பக்கம்." நின்னுச்சு.

"என்னை என்ன தோசையா நெனச்சியா, திருப்பித் திருப்பிப் போடுற?"ன்னு மிக்கேல் கத்துனாரு. ஒரு தடவ நடந்தா தற்செயல், திரும்பத் திரும்ப அதே மாதிரி நடந்தா அதுக்குப் பேரு வேறன்னு லேப்ல சொல்லிக் குடுத்தது ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா என்ன பேருன்னு இன்னும் புரியல.

வெளிச்சம் போனதும் வண்டு சுவத்துலயே ஒறஞ்சு நின்னுச்சு, ஊரும் எந்திரிச்சுப் போச்சு.

காலைல சலேத்தம்மா டீ கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டு, வாசப்படிகிட்டப் பேசுனா. "மேல பங்களாவ வித்துட்டாங்க தாயி. முதலாளி பேரப்புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. துப்பாக்கிச் சாமானுக்கு மதிப்புப் போட கோயமுத்தூர்ல இருந்து ஒரு பாய் வந்திருக்காரு. ஒங்க தாத்தன் கை பட்ட சாமான்தான, போயிப் பாக்குறதுன்னா இப்பப் போ."

பங்களாவுக்குப் போற பாத பூராப் பனி. ஆரஞ்சு மரமெல்லாம் பாதி இருக்குற மாதிரியும் பாதி இல்லாத மாதிரியும் நின்னுச்சு, பழம் மட்டும் அங்கங்க அந்தரத்துல தொங்குச்சு. வராந்தாவுல ஹபீப் பாய் ஒரு மரப்பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு, கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவ வந்ததும் நிமிந்து நேரா மூஞ்சியப் பாத்தாரு. "வாங்கம்மா. சாமான் வாங்க வந்தீங்களா, வேடிக்க பாக்கவா?"

"சண்ட போட."

"நல்லது, உக்காருங்க."

பெட்டிக்குள்ள குழி குழியாக் கடைஞ்ச ஒரு கட்டை, குழிக்கு ஒண்ணா பித்தளைத் தோட்டாக் கூடு. பக்கத்துல தகர டப்பால கேப்பு, மருந்து அளக்குற குட்டிக் கரண்டி, அப்பறம் பாக்குவெட்டி மாதிரி தொறந்து மூடுற ஈய அச்சு. ஹபீப் பாய் பேச ஆள் கெடச்ச சந்தோசத்துல ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாரு. அடில முத்திரை எழுத்து தேயாம இருக்கணும். கேப்புல பள்ளம் விழுந்திருந்தா சுட்டது, விழலன்னா சுடாதது. பச்சை பூத்திருந்தா உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு. கழுத்துல வெடிப்பு இருந்தா வெலையே போகாது.

"இந்த வரிச பூரா வெடிச்சிருக்கே, ஏன்னே புரியல"ன்னாரு.

"குதிர லாயத்துக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்க பாய். மூத்திரத்துல இருந்து அமோனியா வரும். பித்தளைக்கு ஆகாது."

ஹபீப் பாய் லென்ஸக் கழட்டிட்டு அவள இன்னொரு தடவ பாத்தாரு. "என்ன படிக்கிறீங்க?"

"கெமிஸ்ட்ரி. படிக்க விட்டா."

ஜெசிந்தா அச்ச எடுத்துத் தொறந்தா. உள்ள நீளமா ஒரு குழி, இடுப்புல வளையம், வளையத்துக்குக் கீழ ஒரு கீறல். நேத்துச் சுவத்துல பாத்த அதே தழும்பு. தாத்தா ஊத்துன குண்டுதான், சந்தேகமில்ல. மனசு ஒரு நிமிசம் கீழ விழுந்துச்சு. ஊத்துனது அவரு. சுட்டது?

"இது ஒண்ணுதான் எனக்கு மதிப்பே போடத் தெரியல"ன்னு பாய் கட்டையோட ஓரத்துல இருந்த கடைசிக் கூட்டக் கைக்குட்டையால புடிச்சு எடுத்தாரு. "தொட்டுப் பாருங்க. மெதுவா."

தொட்டா. சுட்டுச்சு. மத்த பித்தளையெல்லாம் மலைக் குளுருல பாம்பு மாதிரி சில்லுன்னு கெடக்க, இது மட்டும் இப்பத்தான் துப்பாக்கில இருந்து உருவுன மாதிரி கொதிச்சுச்சு. வாயில இருந்து நூல் மாதிரி ஒரு பொகை, அந்துபோகாம, எந்திரிச்சு எந்திரிச்சு கலைஞ்சுச்சு. "வாட்ச்மேன் இத்தன வருசமா கொசுவத்திப் பொகைன்னு நெனச்சிட்டிருந்தானாம்"ன்னாரு பாய். "கேப்புல பள்ளம் இருக்கு. சுட்டாச்சு. ஆனா சூடு ஆறல. சுட்டது இன்னும் முடியலம்மா."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"முதலாளி கட்டிலுக்கு அடில. பூட்ட ஒடச்சுத்தான் தொறந்தேன். சாவிய அவரு சாகுற வரைக்கும் இடுப்ப விட்டு எறக்கவே இல்லியாம், அவரு கூடவே பொதச்சுட்டாங்களாம்."

ஜெசிந்தா வராந்தாவுல நின்னு கீழ பாத்தா. படி, படிக்குக் கீழ பாத, பாத நேரா ஊருக்குள்ள, அவங்க வீட்டுப் பக்கமா எறங்குது. வீட்டுச் சுவரு கூடப் பனிக்குள்ள மங்கலாத் தெரிஞ்சுச்சு.

ஓடியே எறங்குனா. "அப்பா, தாத்தா கடைசியா பங்களாவுக்குப் போன கதைய முழுசாச் சொல்லு. ஊரு சொல்ற கதையில்ல, அவரு சொன்னது."

மிக்கேல் மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சாரு. "கூலி கேட்டு ஊருச்சனம் பங்களா வாசல்ல உக்காந்திருந்த சமயம். முதலாளி தாத்தனக் கூப்புட்டு நெறைய தோட்டா அடைன்னாராம். பன்னிக்கா மனுசனுக்கான்னு தாத்தன் கேட்டாராம். முதலாளி சிரிச்சாராம். இனிமே நா அடைக்க மாட்டேன்னு ஈய அச்சக் கீழ வச்சுட்டு, திரும்பி, வந்த வழியே நடந்தாராம். பின்னாடி ஒரு சத்தமும் கேக்கல, முதுகுல மட்டும் ஒரு கூச்சம் இருந்துச்சுன்னு சொல்லுவாரு. சாகுற வரைக்கும் அந்தக் கூச்சம் போகல தாயி. எனக்கும் இருக்கு."

ஜெசிந்தா எந்திரிச்சு நின்னா. தற்செயல் இல்லாததுக்குப் பேரு என்னன்னு இப்ப அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. குறி வைக்கிறது.

சாயங்காலம் ஊரு மறுபடி கூடுச்சு, குத்தவச்சுச்சு, குனிஞ்சுச்சு. வெயில் சுவத்துல பட்டதும் வண்டு முழிச்சு அரைக்க ஆரம்பிச்சுச்சு. காரை பொளந்து அதோட மூக்கு உள்பக்கம் எட்டிப் பாத்துச்சு, மிக்கேல் முதுகுக்கு ஒரு சாண் தூரத்துல. நேத்துப் பொரண்டு பொரண்டு இடுப்பு இன்னும் மோசமாகி, திரும்பிப் படுக்க அவரு ஒடம்புக்கு இனி முடியாது. ஜெசிந்தா பின்வாசல்ல நின்னு ஊரோட உச்சந்தலைங்களப் பாத்துப் பேசுனா, கூடு சுடுறது, பொகை, பூட்டு, சாவி, எல்லாத்தையும்.

"சவரிமுத்து அந்தப் பெட்டியத் தொறந்து எடுத்துச் சுட்டுட்டு, திரும்ப வச்சிருப்பான்"ன்னாரு ஞானப்பிரகாசம்.

"ஆமா பெரியப்பா. முதலாளி இடுப்புல இருந்து சாவிய உருவி, பெட்டியத் தொறந்து, ரைபிள எடுத்து, அவரையே கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிச் சுட்டுட்டு, காலிக் கூட்டப் பத்திரமாக் கட்டைல சொருகி, பூட்டி, சாவிய அவரு இடுப்புலயே திரும்ப மாட்டிட்டு, வரட்டுங்களா மொதலாளின்னு கும்புடு போட்டுட்டு வந்திருப்பாரு!"

குனிஞ்ச தலைங்கள்ல சிலது குலுங்குச்சு. சலேத்தம்மா சத்தமாவே சிரிச்சுட்டா. ஞானப்பிரகாசம் மட்டும் "பேச்சுல கெட்டிக்காரி. மணிய எடு, நட"ன்னாரு.

"நடக்குறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. அது எங்க பின்னாடி வந்தது வழி தெரியாம இல்ல. எங்களத் தொரத்திக்கிட்டு. எங்க தாத்தா முதுகப் பாத்துச் சுட்டது அது. ஒங்களுக்காக முடியாதுன்னு சொல்லிட்டுத் திரும்புன முதுகு. நீங்க என்ன பண்ணீங்க? தெனமும் அந்த முதுக அதுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துனீங்க. திரும்பிப் பாக்காதன்னும் சொல்லி வச்சீங்க."

மணிய எடுக்கல. வெறுங்கையோட வண்டுக்கு முன்னால போயி முதுகக் காட்டி நின்னா. சுவத்துல இருந்து மண்ணு சொரிய அது பின்வாங்கி, திரும்பி, அவ முதுகுக்கு நேரா வந்து நின்னுச்சு. அப்பதான் அவளுக்கும் தெரிஞ்சுச்சு, அந்தக் கூச்சம். தோள்பட்ட ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஈரமான விரல வச்ச மாதிரி. இதத்தான் அப்பா இத்தன வருசம் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்தாரு. நடந்தா. டீக்கடையத் தாண்டி, ரேஷன் கடையத் தாண்டி, கோயில் பக்கம் திரும்பாம பங்களாப் பாத பிரியுற எடத்துக்கு வந்து, நின்னு, திரும்புனா.

"திரும்பாத!"ன்னு ஊரே கத்துச்சு. கத்துன வாயோட எல்லாரும் தலையத் தூக்கிட்டாங்க, மூணு தலமுறைல மொத தடவையா.

வண்டு வந்த வேகத்துல வந்துச்சு. அவ சட்டப் பித்தான் கிட்ட வந்துச்சு. அவ கண்ண மூடல. வெயில்ல அதோட மூக்கு நுனி பொடிச் சூரியன் மாதிரி மின்னுச்சு. அப்பறம் அந்த ரீங்காரம் தடுமாறுச்சு, கூட்டத்துல அம்மா கைய விட்ட கொழந்தை மாதிரி. முதுக மட்டும் பாத்துப் பொறப்பட்ட குண்டு அது, மூஞ்சிய என்ன பண்றதுன்னு அதுக்குச் சொல்லி அனுப்பல. நின்னுச்சு. அவ ஒரு அடி முன்னால வச்சா. அது ஒரு அடி பின்னால போச்சு.

"போ"ன்னா ஜெசிந்தா.

இன்னொரு அடி. இன்னொண்ணு. வண்டுக்கு எதுக்க அவ நடக்க, வண்டு வாலு முன்னால வச்சுப் பின்னாடியே போக, பாதைல பனி ரெண்டாப் பிரிய, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுப் பழமெல்லாம் வெளக்கு மாதிரி நிக்க, அவளுக்குப் பின்னாடி ஊரே, குனியாம, கண்ண மூடாம, கொழந்தைங்களத் தோள்ல தூக்கிக்கிட்டு, சப்பரத்துக்குப் பின்னாடி வர்ற மாதிரி வந்துச்சு. செருப்புச் சத்தம் மட்டும். சலேத்தம்மா ஓரமா ஓடியாந்து, அவ மூஞ்சியப் பாத்து, "அடியே, கல்யாணத்துக்கு முன்னால பாத்த ஒங்கம்மா சாடை அப்படியேடி"ன்னு ஆச்சரியமாச் சொல்லிட்டு அழுதுட்டா. ஜெசிந்தா நிக்கல.

வராந்தாவுல ஹபீப் பாய் நின்னுட்டிருந்தாரு. முன்னாடி முதலாளி எங்க நின்னிருப்பாரோ அங்க. கூட்டம் வர்றதப் பாத்ததுமே அவருக்கு விசயம் புரிஞ்சிருந்துச்சு. கைக்குட்டைய நாலா மடிச்சு, அந்தச் சூடான தோட்டாக் கூட்ட அதுல புடிச்சு, வாய் பாதையப் பாத்து இருக்குற மாதிரி நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டிருந்தாரு. "அளவு சேருதான்னு பாக்காம விட மனசு வரலம்மா"ன்னாரு.

அவ கடைசிப் படியேறுனா. வண்டோட வாலு கூட்டோட வாயத் தொட்டுச்சு, தயங்குச்சு, அப்பறம் டக்குனு உள்ள எறங்கி உக்காந்துச்சு.

அப்பதான் சத்தம் வந்துச்சு. அன்னைக்கு வராத சத்தம், எங்கயோ மலைக்குள்ள இத்தன காலம் அடக்கி வச்சிருந்தது, டமார்னு எழும்பி, மலை மலையா மோதி, காக்காயெல்லாம் மரத்த விட்டுப் பறக்க, ஊரு மொத்தமும் திடுக்குனு ஒரு தடவ குனிஞ்சு நிமிந்துச்சு. அப்பறம் ஒண்ணுமில்ல. பொகை நின்னுச்சு. பாய் கைக்குட்டைய விலக்கி, வெறும் கையால அதத் தொட்டுப் பாத்தாரு.

"ஆறிருச்சு."

மறுநாள் சாயங்காலம் வெயில் மஞ்சளா எறங்குன நேரத்துக்கு ஊருக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சில பேரு பழக்கத்துல குத்தவச்சாங்க, வெக்கத்தோட எந்திரிச்சாங்க. கொழந்தைங்க தூங்க மாட்டேன்னு அழுதுச்சு. சலேத்தம்மா ரெண்டு சன்னலையும் மூடிப் பாத்தா, புழுக்கமா இருந்துச்சு, திரும்பத் தொறந்துட்டா.

ஜெசிந்தா பையக் கட்டி வாசல்ல வச்சிருந்தா, கடைசி பஸ் வர்ற நேரம். மிக்கேல வாசப்படில தலகாணி வச்சு ஒக்கார வச்சிருந்தா. ரோட்ல போனவங்கெல்லாம் அவரப் பாத்தாங்க, நேரா, மூஞ்சிய. அவருக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியல. எந்த மூஞ்சி எந்தத் தலையோடதுன்னு கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தாரு. ஊரே புதுசா வந்து எறங்குன மாதிரி அவருக்கு இருந்துச்சு.

அப்ப ஒரு வயசான மனுசன் வந்து வாசல்ல நின்னாரு. பெரிய மூக்கு, தொங்குன கன்னம், செவந்த கண்ணு. என்னமோ சொல்ல வாயத் தொறந்து தொறந்து மூடுனாரு. ஜெசிந்தா கையக் கட்டிக்கிட்டு, ஒத்தாசைக்கு ஒரு வார்த்த கூடக் குடுக்காம நின்னா.

"யாருங்க?"ன்னாரு மிக்கேல், நெசமாவே தெரியாம.

"நாந்தான் மிக்கேலு."

"நாந்தான்னா? மூஞ்சி புடிபடல. கொஞ்சம் குனிங்க, பாப்போம்."

அந்த மனுசன் ஜெசிந்தாவப் பாத்தாரு, ரோட்டப் பாத்தாரு, ரோட்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த ஊரப் பாத்தாரு. அப்பறம் முட்டியப் புடிச்சிக்கிட்டு மெதுவா, வாசப்படிக்கு முன்னால, குனிஞ்சாரு. நரைச்ச முடிக்கு நடுவுல ரெட்டச் சுழி.

"அட, ஞானப்பிரகாசண்ணன்"ன்னாரு மிக்கேல். பஸ்ஸு வளைவுல ஹாரன் அடிச்சுச்சு. அவரு அந்த ரெட்டச் சுழியையே பாத்துக்கிட்டு இருந்தாரு, நிமிருங்கன்னு ஒடனே சொல்லல.